மாட்டு வண்டியில் திரும்பிய சைக்கிள்

ஆவூர்,
17-8-1958

மாப்பிள்ளை பங்கிராஸ் அவர்களுக்கு,

ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். சர்வேசுரன் கிருபையால் நானும் என் வீட்டாரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் என் தங்கை அடைக்கலமேரியின் சுகத்துக்கும் அறிய ஆவல்.

அடுத்த தெருவில் இருப்பவருக்குத் தபாலில் எழுதுவது விசித்திரம்தான். ஆனால் நீங்கள் தினமும் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "தபால்" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு, முகத்தைப் பாராமல் போகிறீர்கள். முன்பெல்லாம் "என்ன மச்சான், காப்பி ஆச்சா?" என்று கேட்காமல் போனதில்லை. அடைக்கலம் பூசை முடிந்ததும் கோயிலின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுகிறாள். நான் செய்த குற்றம் என்ன?

சைக்கிள் பந்தய நோட்டீசை என்னிடம் கொண்டுவந்தவர் நீங்கள். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் புறப்பட்டு, அரிமளம் போய்த் திரும்ப வேண்டும். பொங்கல் கழித்து ஜனவரி பதினாறு. "நம்ம ரெண்டு பேருமே பந்தயம் ஓட்டுனதில்ல. ஒரு தடவ ஓட்டித்தான் பாப்பமே மச்சான்" என்றீர்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது. தலைமையாசிரியர் பதவி இரண்டு முறை என்னைத் தாண்டி என்னிடம் படித்தவர்களுக்கே போய்விட்டது. ஒரு நாளாவது ஊர் என்னை நிமிர்ந்து பார்க்கட்டும் என்று சம்மதித்தேன்.

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாவற்றையும் நீங்களே கழற்றி என் சைக்கிளை இலகுவாக்கினீர்கள். இரவல் அரைக்கால் சட்டையோடு கூட்டத்தின் முன்னால் நின்றபோது சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். "என் பின்சக்கரத்த ஒட்டியே வாங்க மச்சான். காத்தெல்லாம் என் மேல அடிக்கட்டும்" என்றீர்கள். அப்படியே வந்தேன். அந்த நாலு மைல் என் ஆயுளில் வேறெதிலும் கிடைக்காத சந்தோஷம் என்பதை மறைக்கவில்லை.

பிறகு என் துரதிர்ஷ்டம், செயின் கழன்று மாட்டிக்கொண்டது. பெரியகருப்பன் என்பவரின் வைக்கோல் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். நீங்கள் முதலாவதாக வந்து, கழுத்தில் மாலையோடு எனக்காகக் காத்திருந்தீர்கள். என்னைக் கண்டதும் என்ன கத்தினீர்கள்? "வழி விடுங்க, வழி விடுங்க! எங்க மச்சான் மாட்டு வண்டிப் பந்தயத்துல மொதலா வந்துட்டாரு!"

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பரிசளிப்பு விழாவில் உங்கள் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்? எவனோ கமிட்டிக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். கேவலமான வேலைதான். அதற்காக என்னிடம் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? செப்டம்பர் எட்டாம் தேதி பிள்ளை ஞானசெல்விக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள் என்று ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். வெள்ளைக் கவுன் நான் அல்லவா எடுக்க வேண்டும்? பதில் எழுதவும்.

இப்படிக்கு,
சூசைராஜ், பி.ஏ., எல்.டி.


ஆவூர்,
21-8-1958

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்குப் பங்கிராஸ் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதத்தைத் திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்தேன். முத்திரை குத்தித் தபால் கட்டோடு சேர்த்து வைத்து, மறுநாள் காலையில் எனக்கு நானே பட்டுவாடா செய்துகொண்டேன். போஸ்ட் மாஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னய்யா, ஒம் மச்சான் ஒங்கிட்ட ஸ்டாம்பு ஒட்டித்தான் பேசுவாரா?" என்றார்.

மாட்டு வண்டி என்று கேலி பேசியது தப்புதான் மச்சான். ஜெயித்த குஷியில் வாய் நீண்டுவிட்டது. மறுநாளே மன்னிப்புக் கேட்க வந்தேன். நீங்கள் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னீர்கள்.

இன்னொன்று சொல்லவேண்டும். எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். ஜனவரி இருபதாம் தேதி அதே பெட்டியில் ஒரு கவர் கிடந்தது. பந்தயக் கமிட்டி காரியதரிசி ரத்தினவேல் அவர்களுக்கு. விலாசம் இடது கையால் எழுதின மாதிரி கோணல் மாணலாக இருந்தது. ஆனால் புதுக்கோட்டை என்ற பெயருக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. பதினேழு வருஷமாக இந்த ஊர்த் தபாலைப் பார்க்கிறேன். அப்படிக் கோடு போடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டுக்கு ஓடிப்போய் அடைக்கலத்திடம் சொன்னேன். "ஒங்க அண்ணனுக்குக் கோவம் தணிஞ்சிருச்சு. என்னப் பத்தி நாலு வார்த்த நல்லதா கமிட்டிக்கு எழுதியிருக்காரு. தான் எழுதுனது தெரியக் கூடாதுன்னு எழுத்தக்கூட மாத்தியிருக்காரு பாரேன்" என்றேன். அவளும் சிரித்தாள். அந்தக் கவரை நானே பையில் போட்டு அனுப்பினேன்.

விழாவில் கோப்பையைக் கொடுத்த பிறகுதான் இரண்டாவதாக வந்தவரின் ஆட்கள் எழுந்து, கமிட்டிக்கு வந்த அந்த மொட்டைக் கடிதத்தைப் படிக்கச் சொன்னார்கள். கோப்பையை ஞானசெல்வி கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்துதான் வாங்கினார்கள். அடைக்கலம் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோப்பை போனால் போகிறது மச்சான். எனக்கு ஓட்டினதே போதும். ஆனால் அவள் மனசு இளகவில்லை. "நாந்தான் எழுதுனேன்னு எங்க அண்ணன் கையெழுத்துப் போட்டு ஒரு வரி குடுக்கட்டும். அன்னைக்கே கதவத் தொறக்குறேன். பேரில்லாம எழுதுனவரு பேரோட வரட்டும்" என்கிறாள். இது ஒன்றுதான் கேட்கிறாள். அந்தக் காகிதத்தை யாருக்கும் காட்ட மாட்டோம். கவுனை நீங்களே எடுங்கள். பிள்ளை தினமும் "மாமா வருவாகளா?" என்று கேட்கிறது.

தங்கள் அன்புள்ள,
பங்கிராஸ்


ஆவூர்,
30-8-1958

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன்.

செயின் தானாகக் கழலவில்லை. ஐந்தாவது மைலில், பாலத்துக் கட்டையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வாத்தியாரு தபால்காரன் வாலப் புடிச்சுக்கிட்டுப் போறாருடா" என்றான் ஒருவன். அது பொறுக்காமல் உங்களைத் தாண்டி மிதித்தேன். "வேணாம் மச்சான், மூச்ச வெச்சுக்கங்க!" என்று கத்தினீர்கள். என் நன்மைக்குச் சொன்னது அப்போது எனக்கு ஏளனமாகக் கேட்டது. ஒரு மைல்கூடத் தாங்கவில்லை. நீங்களும் மற்றவர்களும் என்னைக் கடந்து போனபோது ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். நீங்கள் கண்ணுக்கு மறைந்ததும் புளியமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தேன். பிறகு யாராவது கேட்டால் சொல்வதற்காக, செயினை என் விரலாலேயே கழற்றிச் சக்கரப் பற்களுக்கு இடையில் திணித்தேன். பார்த்தால் உண்மை என்று தோன்றட்டும் என்று கையிலும் சட்டையிலும் கிரீஸைத் தடவிக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய வெட்கம் மற்றொன்று. நோட்டீசில் 'அமெச்சூர்களுக்கு மட்டும்', காசுக்காக ஓட்டுகிறவர்களுக்கு இடமில்லை என்று இருந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "நான் சைக்கிள் அலவன்ஸ் வாங்குறனே மச்சான், ஓட்டலாமா?" என்று. "தாராளமா ஓட்டலாம். ஒங்களுக்குச் சம்பளம் தபால் குடுக்கத்தான், பந்தயம் ஓட்ட இல்ல" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினீர்கள். அதே அலவன்ஸைக் காட்டி, நீங்கள் தொழில்முறைக்காரர், தபால் இலாகாவே உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது என்று நாலு பாரா எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த ஆங்கிலத்தை இரண்டு முறை படித்து ரசித்தேன்.

விழாவில் நான் கடைசி வரிசையில் நின்றேன். மேடையில் படித்தவர் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தார். அதை மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை. அந்த நேரத்தில்தான் குழந்தை கோப்பையை விடமாட்டேன் என்று இறுக்கிக்கொண்டதும், அவர்கள் அவள் விரல்களைப் பிரித்ததும் கண்ணில் பட்டது. முன்னால் வந்து பேச வேண்டிய ஆள் நான். பேசாமல் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் கேலி ஒரு சாக்குத்தான். என் தங்கை ஒரு தபால்காரருக்கு வாழ்க்கைப்பட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தபால்காரர் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை. அந்தக் கவரை நீங்கள் நல்லதென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினீர்கள் என்று படித்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடைக்கலம் கேட்பது நியாயம். ஒரு வரி கேட்டாள், இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். பெயர்தான் பாக்கி. தலைமையாசிரியர் பதவி அடுத்த மாதம் மறுபடியும் காலியாகிறது. இந்தக் காகிதம் பள்ளிக்கூட மேனேஜரான சாமியாரின் மேசைக்குப் போகாது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். நம்பியும் பேனா நகரவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும்போது யாரும் பெயர் சொல்வதில்லையே என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துப் பார்த்தேன். அங்கே முழங்காலாவது போடுகிறோம்.

கவுனை நீங்களே எடுத்துவிடுங்கள். பிள்ளை கேட்டால், மாமாவுக்கு வர முடியவில்லை என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை.

இப்போது மணி இரண்டரை. இன்னும் அரை மணியில் நீங்கள் பெட்டியைத் திறக்க வருவீர்கள். என் எழுத்து உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது அது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இதைக் கையெழுத்துப் போடாமல், இப்படியே பெட்டியில் போடப் போகிறேன்.