சர்ச் வாசலில் நிற்காத கார்

அயோவா,
ஜூன் கடைசி வாரம்.

அன்பு மகள் ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அவர் முழங்கை மட்டும் கார் பானெட்டில் இடித்து நீலம் பாரித்திருக்கிறது. அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் கொசுவுக்குத் தப்பி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கல்யாணத்துக்கு வாடகைக் கார் சொல்லிவிட்டேன், அப்பாவின் கூரை திறக்கிற பழைய கன்வெர்டிபிள் காரில் ஏறமாட்டேன் என்று நீ எழுதியதைப் படித்தோம். உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஈஸ்டர் அன்று அது உன்னையும் வைத்துக்கொண்டு பாஸ்டரின் டூலிப் பூப்பாத்திக்குள் போய் நின்றதை ஊரே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. ஆனால் உன் கடிதம் வந்த பிறகு மனுஷர் இரண்டு நாள் கேராஜ் பக்கமே போகவில்லை. உன் அப்பா கேராஜுக்குப் போகாவிட்டால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அப்புறம் ஆரம்பித்தார் பார். பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது என்று மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டரை மாற்றினார், ரப்பர் குழாயை மாற்றினார், வால்வை மாற்றினார். கேராஜில் இன்ஜினை உறுமவிட்டு மிதித்தால் பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கும், "பாத்தியாடி, ஜம்முனு பிடிக்குது" என்று மார்தட்டுவார், தெருமுனையில் மெதுவாகப் போய் மிதித்தால் பழையபடி முரண்டு பிடிக்கும். கடைசியில் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று என்னைப் பின்சீட்டில் ஏற்றினார். நான் சும்மா இருப்பேனா, ஜன்னல் திரையைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாக உட்கார்ந்தேன். சர்ச் வாசலில் மெதுவாக வந்து நிற்கவேண்டும். வண்டி வந்தது, வாசலும் வந்தது, வாசல் பின்னால் போய்விட்டது. பாஸ்டர் துடைப்பத்தோடு வாய்பிளந்து நிற்க, நான் ராணி மாதிரி கையாட்டிக்கொண்டே போனேன். அப்பா இரண்டு காலாலும் மிதித்தபடி, "கைய ஆட்டாதடி, கடவுளக் கூப்பிடு!" என்று அலறினார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் வாக்குவம் மீட்டரை மாட்டி, முள்ளைப் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். இன்ஜின் காற்றை உறிஞ்சி உண்டாக்குகிற அந்த வாக்குவம்தான் பிரேக்குக்குப் பலமாம். உறுமவிட்டால் முள் ஏறுகிறது, சும்மா ஓடவிட்டால் பாதிக்கும் கீழே விழுந்து கிடுகிடுவென நடுங்குகிறது. "இன்ஜினுக்குள்ள என்னத்தப் பண்ணி வச்சிருக்கீங்க?" என்றேன். கையிலிருந்த ஸ்பேனரையே தேட ஆரம்பித்தார்! குளிர்காலத்தில் ஆயில் மாற்றுகிறேன் என்று என்னிடம் புளுகிவிட்டு, இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் தண்டைக் கழற்றி, பந்தயக் காருக்குப் போடுகிறதை மாட்டியிருக்கிறார் திருடர். எல்லாம் அந்தக் கடகட உறுமலுக்காக. மெதுவாக ஓடும்போது அது வாக்குவம் சேரவே விடாதாம். "அதக் கழட்டிட்டா தையல் மெஷின் மாதிரில்ல ஓடும்" என்று மூக்கை உறிஞ்சினார், கார் கண்காட்சியில் அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். நான் உன் கடிதத்தை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் அவர் கண்ணில் படும்படி மாட்டினேன், அவ்வளவுதான். மறுநாள் காலை பார்த்தால் பழைய கேம்ஷாஃப்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என்ன திடீரென்று என்று கேட்டேன். "ஊரே திரும்பிப் பாத்து என்ன பிரயோஜனம், எம் பொண்ணு ஏறமாட்டேங்கறாளே" என்றார். அடுப்பில் சுட்டு வைத்திருந்த ருபார்ப் பை பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

அதைத் திரும்ப மாட்டியபின் இப்போது கால் கட்டைவிரலால் அழுத்தினாலே நிற்கிறது. நானே ஓட்டிப்போய் சர்ச் வாசலில் சரியாக நிறுத்தினேன், பாஸ்டர்தான் பயத்தில் படியேறி ஓடினார். நீங்கள் இருவரும் சீரும் சிறப்புமாக வாழ ஆண்டவர் அருள்புரியட்டும். வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியவேண்டாம், நீயாகவே போன் பண்ணி அவர் காரைக் கேட்பதுபோல் கேள். போன் அடித்தால் கையிலிருக்கும் கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்து எடுக்கிறார், நீ இல்லை என்று தெரிந்ததும் என்னிடம் நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
ஆர்லீன்