தொட்டிலருகே நின்றுபோன காணொளி

திரு வளர்க. மழை மறவாத மலைகளும், இரவலர்க்கு அடையாத வாயில்களும், வந்தவரைப் பசியோடு அனுப்பியறியாத அடுக்களைகளும் உடைய நெடுங்குன்ற நாட்டைத் தம் சொல்லுறுதி ஒன்றாலேயே காத்துவரும் பேரரசி, சம்பந்தி அம்மையார் நல்லினியார் திருமுன்புக்கு, வெண்கரை நாட்டுக் கோமான் அருவந்தைவேளார் வாய்மொழிய ஓலைநாயகம் கொற்றன் எழுதியது. அம்மையாரின் குடைநிழல் நீள்க. மகனார் நலமும், மருமகளான எங்கள் இளவரசி வெண்ணியின் நலமும், தொட்டிலில் கிடக்கும் சின்னஞ்சிறு பேத்தியின் நலமும் ஓங்குக.

நடந்ததை நடந்தபடியே எழுதவேண்டும், தம்மை எந்த இடத்திலும் காப்பாற்றக்கூடாது என்பது கோமானின் ஆணை. அரசர்களின் பிழையைப் பூசி மெழுகிப் பழகிய கை அடியேனுடையது. அந்த வேலையைச் செய்யாதே என்று தடுத்துவிட்டால் எழுத்து எப்படிப் போகும் என்று அடியேனுக்கே தெரியாது. எங்கேனும் சொல் தடித்திருந்தால் அதை ஆணையின் கணக்கில் வைத்து அடியேனை விட்டுவிடக் கோருகிறேன்.

சொன்ன சொல்லைக் காக்கத் தெரியாத நாட்டோடு இனிக் கொள்வினை கொடுப்பினை இல்லை என்று எழுதிய முந்தைய ஓலை இதற்குள் அம்மையார் கைக்கு வந்திருக்கும். அதை எழுதியதும் இந்தக் கைதான். குதிரை புறப்பட்டுப்போன பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

மறைந்த அரசியின் பெயரை, அதைத் தாங்க ஒரு குழந்தை பிறக்கும்வரை, வெண்கரையில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோமான் தம் தேவியை இழந்த நாள்முதல் அந்தப் பெயரை அடக்கிவைத்துக்கொண்டு வாழ்ந்தவர். வெண்ணியை மணமுடித்துத் தந்தபோது, பெண் பிறந்தால் அவள் தாயின் பெயரையே சூட்டுவோம் என்று அம்மையார் வாக்குத் தந்தீர்கள். பெயர்சூட்டும் நாளில் தாய்வழிப் பாட்டனார் வருவது உங்கள் நாட்டு வழக்கில் இல்லையாதலால், அந்தச் சடங்கைக் காணொளியாக்கி, பென் டிரைவில் இட்டு, தூதர் பண்ணனாரிடம் கொடுத்தனுப்பினீர்கள். கோமான் அதற்காகப் புத்தாடை உடுத்தி, அவையைக் கூட்டி, ஊருக்கெல்லாம் பாயசம் காய்ச்சச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

இங்கே எங்கள் கணினியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அரசருக்கு ஊழியம் செய்வது எதுவாயினும் அரசருக்குரிய மரியாதை அதற்கும் உண்டு என்பது வெண்கரை வழக்கம். பட்டத்து யானைக்கு முகபடாம், வாளுக்கு மாலை; கணினிக்கு மட்டும் குறை வைக்கலாமா? பக்கவாட்டில் சல்லடைபோல் துளைகள் இருக்கக் கண்டு, அவை பொட்டிடுவதற்கென்றே அமைந்தவை என்று கொண்டு, வெள்ளிதோறும் அவற்றில் சந்தனம் அப்பினோம். மேலே சரிகைப் பட்டுப் போர்த்தினோம். உள்ளே ஒரு விசிறி முனகிக்கொண்டிருந்ததை, மரியாதையை ஏற்றுக்கொண்ட ஓசை என்று நம்பினோம். இதை எழுதும்போதே அடியேனுக்கு முகம் சிவக்கிறது.

அன்று அவையில் காணொளி ஓடத் தொடங்கியது. குத்துவிளக்கு தெரிந்தது, பாடும் பெண்கள் தெரிந்தார்கள், மகளின் முகம் தெரிந்ததும் கோமானின் கண் கலங்கியது. அம்மையார் எழுந்து தொட்டிலை நோக்கி நடந்தீர்கள். அவ்வளவுதான். படம் அப்படியே நின்றது, பாட்டு மட்டும் விக்கி விக்கி வந்தது, பிறகு அதுவும் அடங்கிப்போனது.

கணினிப் பொறுப்பாளர் வேட்டனார் தமக்குத் தெரிந்த வைத்தியம் அனைத்தையும் செய்தார். கணினியை அணைத்து ஏற்றினார். காணொளியைப் பென் டிரைவிலிருந்து கணினிக்குள் படியெடுத்து ஓட்டினார். வேறொரு செயலியில் திறந்தார். இருந்த செயலியைப் புதுப்பித்தார். திரைக்குச் செல்லும் கம்பியைப் பிடுங்கிச் செருகினார். சில முறை முன்னதாகவும் சில முறை சற்றுப் பிந்தியும் நின்றதேயன்றி, ஒருமுறைகூடத் தொட்டிலைத் தாண்டவில்லை. நடுவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாமே என்றார் ஒருவர். மங்கலச் சடங்கை நடுவிலிருந்து பார்ப்பது ஆகாது என்று அவையே அவர்மேல் பாய்ந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே ஓட்டினோம். பட்டுக்குள் கணினி வெந்துகொண்டிருந்தது.

சோதனைக்காக எங்கள் யானை குளிக்கும் சிறு காணொளி ஒன்றை ஓட்டினார்கள். யானை துதிக்கையைத் தூக்கி நீரைப் பீய்ச்சி முடிப்பதற்குள் அது முடிந்துவிடும், தடையின்றி ஓடியது. எம் கணினி நன்றாயிருக்கிறது, பழுது அவர்கள் அனுப்பியதில்தான் என்று அவை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அப்போது பண்ணனார் எழுந்து, பெட்டி காய்ச்சல்கண்ட நெற்றிபோல் கொதிக்கிறது, பட்டை எடுத்துவிட்டுச் சற்றுக் காற்றுப்பட வைத்துப் பார்க்கலாகாதா என்று பணிவோடு கேட்டார். கோமானுக்கு அது சாக்காகப் பட்டது. பெயர் சொல்லும் இடத்தில் மட்டும் நின்றுபோவானேன் என்ற ஐயம் அவர் நெஞ்சில் அதற்குள் வேர்விட்டிருந்தது. வேறு பெயரைச் சூட்டிவிட்டு, அதைக் காட்ட வெட்கி, பழுதுபட்டதை அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். எம் அவைக்கு வந்து எம் கணினியின் ஆடையைக் களையச் சொல்லும் அளவுக்குத் துணிந்தீரோ என்று நரைத்த தலையரான அவரை எல்லார்முன்னும் கேட்டார்; தாம்பூலம் தராமலே அனுப்பினார். பண்ணனார் வணங்கிப் போனார். அந்த வணக்கம் இப்போது கோமானைத் தூங்கவிடுவதில்லை. முந்தைய ஓலையும் அன்றிரவே குதிரையேறியது.

மிஞ்சிய கோபம் கணினிமேல் திரும்பியது. அவையில் அரசரைத் தலைகுனிய வைத்த ஊழியனுக்கு எங்கள் நாட்டில் என்ன தண்டனையோ அதுவே அதற்கும் விதிக்கப்பட்டது. பட்டு உருவப்பட்டது, மாலை அறுக்கப்பட்டது, சந்தனம் ஒரு துளைவிடாமல் சுரண்டப்பட்டது. கடற்காற்று வீசும் வடக்குத் தாழ்வாரத்தில், வெறுங்கல்லின்மேல் அதைத் திரையோடு கொண்டுபோய் வைத்தார்கள். பண்ணனார் மருந்தாகச் சொன்னதை நாங்கள் தண்டனையாகச் செய்தோம்.

மறுநாள் நண்பகலில் கோமான் தனியே அந்தப் பக்கம் போனார். கோபம் தீர்ந்தபாடில்லை, ஆனாலும் மகளின் முகம் வருகிற இடம்வரையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று தகப்பன் மனம் அடித்துக்கொண்டது. ஓட்டினார். விளக்கு வந்தது, பெண்கள் வந்தார்கள், வெண்ணி வந்தாள், அம்மையார் எழுந்து நடந்தீர்கள், நிற்கவில்லை, தொட்டில்மேல் குனிந்தீர்கள், குழந்தையின் காதில் முணுமுணுத்தீர்கள், பின் நிமிர்ந்து எல்லாரும் கேட்க நறுமலர் என்றீர்கள்.

அதோடு நிறுத்தினீர்களா? மூத்த பேத்திக்கு எங்கள் குலமூதாட்டியின் பெயரை வைப்பதே முறை, பெரியவர்களிடம் மன்றாடி இம்முறை அதற்கு விலக்கு வாங்கினேன், அந்தப் பெயரை அடக்கி வைத்திருப்பவர் வெண்கரையில் ஒருவர் இருக்கிறார், அவர் காது குளிரட்டும் என்றீர்கள். பிறகு வெண்ணி குழந்தையைத் தூக்கிக் காட்டி, அப்பா, அம்மா பெயரைச் சொல்லி இவளைக் கூப்பிடுங்கள் என்றாள்.

கோமான் கூப்பிடவில்லை. பாட்டுச் சத்தம் கேட்டு அடியேன் ஓடிவந்தபோது அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். குதிரையைத் திருப்ப முடியுமா என்று கேட்டார். அது எல்லையைத் தாண்டியிருக்கும் என்றேன். நம் ஓலையை வெண்ணியும் படிப்பாள் அல்லவா என்றார். அடியேன் புதிய ஓலையும் எழுத்தாணியும் எடுத்துவந்தேன்.

ஆதலால் இனி வருவது ஆணை. இதை நெடுங்குன்றத்துக்கு இட எங்களுக்கு உரிமையில்லை. கோமான் தமக்கே இட்டுக்கொண்டது. அருவந்தைவேள் என்பான் குடையும் கொடியும் முரசும் இன்றி நெடுங்குன்றம் வரக்கடவன். முதலில் பண்ணனாரின் இல்லம் சென்று, அவர் வீட்டார் அனைவரும் காணத் தன் கையால் தாம்பூலம் நீட்டி, அவர் வாங்கிக்கொள்ளும்வரை நிற்கக்கடவன். பின் அம்மையாரின் வாயிலில், உள்ளே வா என்னும்வரை காத்திருக்கக்கடவன். தொட்டிலருகே விடப்பட்டாலும், எடுத்துக்கொள் என்று அம்மையார் சொல்லாமல் கை நீட்டலாகாது.

வெண்கரையின் வழக்கப்படி, பெயர் தாங்கக் குழந்தை வந்துவிட்டபடியால், நறுமலர் என்று இன்றுமுதல் நாடே வாய்விட்டுச் சொல்லலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறது. தெருவில் பெண்கள் அந்தப் பெயரைப் பாட்டில் வைத்துப் பாடுகிறார்கள். அடியேனும் இந்த ஓலையில் எழுதிவிட்டேன். முத்திரையும் இட்டாயிற்று, கோமான் தாமே இட்டதால் அது சற்றுக் கோணலாக விழுந்திருக்கிறது.

அவர் மட்டும் அந்தப் பெயரை இன்னும் சொல்லவில்லை. பொறுத்தேன் என்று அம்மையார் வாயால் கேட்டபிறகே சொல்வாராம்.