ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமென்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் தையல் மெஷினை மூடிவிட்டு, இத்தனை தாள்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஹோட்டலில், அடுப்புக்கு முன்னால் நின்று சமைத்துக்கொண்டிருந்தவர் தலைசுற்றி அப்படியே சரிந்துவிட்டார். பதறாதே. அடுப்புப் பக்கம் சாயாமல் மாவு மூட்டைப் பக்கம் சாய்ந்ததால் தப்பித்தார். முகமெல்லாம் மாவோடுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே நர்ஸ், ஆள் இப்படி வெளுத்துப்போயிருக்கிறாரே என்று ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாளாம். துடைத்துப் பார்த்தால் எப்போதும் உள்ள நிறம்தான். இரத்தத்தைச் சோதித்த பிறகுதான் டாக்டரம்மாவின் முகம் மாறியது. சர்க்கரை அதிகம், இரத்த அழுத்தம் அதிகம், எடையும் அதிகம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சில மாதங்களுக்குள் இதெல்லாம் இறங்காவிட்டால் அடுப்படி வேலையை விட்டுவிட வேண்டியதுதானாம். அடுத்த முறை விழும்போது பக்கத்தில் மாவு மூட்டை இருக்கும் என்று யார் சொல்ல முடியும் என்று கேட்டார்.

அடுப்படி இல்லாமல் உன் அண்ணன் என்ன ஆவார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக் காலாட்டிக்கொண்டிருப்பார். அந்த வேலையைப் பிடுங்கிவிட்டால் மனுஷர் ரொம்ப நாள் தாங்க மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சாப்பிடுவதே இல்லை. காலையில் வெறும் டீ. ராத்திரி வந்ததும் பசியில்லை என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான். நான் விடாமல் பிடித்து உட்கார வைத்தால் நான்கு வாய் சாப்பிடுவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "இருக்கு" என்பார். தட்டில் இருப்பது எனக்கும்தான் தெரிகிறது, அதையா கேட்டேன்? மகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு, ஒன்றரை ஆளுக்குச் சமைக்க அவ்வளவு பெரிய பாத்திரம் எதற்கென்றுதான், என் கல்யாணத்துக்கு வந்த அந்த அடிகனத்த பாத்திரத்தை நீ கேட்டவுடனே தூக்கிக் கொடுத்தேன்.

ஆனால் அவருடைய கால்சட்டைகள் வேறு கதை சொல்கின்றன. தையல்காரியின் புருஷன் இடுப்பை எங்கே ஒளிப்பார்? பிரித்துப் பிரித்து விட்டதில் உள்மடிப்புத் துணியெல்லாம் தீர்ந்துபோய், இப்போது பின்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறேன். காற்றைக் குடித்து ஒருவர் இவ்வளவு பெருப்பாரா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் எண்ணெயையும் உப்பையும் குறையுங்கள் அம்மா என்றார். கடைசியில் பழி என் தலையில் விழுந்தது.

சரியென்று, தினமும் மதியத்துக்கு நானே கட்டிக்கொடுக்கிறேன். வேகவைத்த காய், கீரை, தோலெடுத்த கோழி, ஒரு கை சோறு. உப்பு பேருக்குத்தான். டப்பா வழித்துத் துடைத்துக் காலியாகத் திரும்பி வருகிறது. இந்த வயதிலாவது புத்தி வந்ததே என்று சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு விஷயம். நீ அனுப்பிய இனிப்பு டப்பா வந்தது. அவர் கண்ணில் படுவதற்குள் நூல்கண்டுப் பெட்டியில் ஒளித்து, துணி தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் இனிமேல் அனுப்பாதே. அண்ணன் மேல் பாசம் பொங்கினால் ஒரு ஜோடி காலுறை அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணி

*

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதமும் காலுறையும் சேர்ந்தே வந்தன. காலுறை சரியான அளவு. கடிதம்தான் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. அண்ணன் வீட்டில் சாப்பிடாததற்கு அண்ணியின் கைப்பக்குவமும் ஒரு காரணமாக இருக்கலாமோ என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கிறாய். என் கல்யாணத்தின்போது, அண்ணிக்குக் கை கொஞ்சம் உப்பு என்று ஊர் முழுக்கச் சொன்ன வாய்தானே அது. இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

ஹோட்டலில் பாத்திரம் கழுவும் அம்மாவை உனக்குத் தெரியும். போன தடவை நீ வந்தபோது, வாசல் கதவில் ஒருக்களித்துத்தான் நுழைய முடிகிறது என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டாரே, அவர்தான். போன வாரம் சீருடையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பிரித்துவிட அல்ல, பிடிக்க. அளவெடுத்தால் என்னாலேயே நம்ப முடியவில்லை. முகத்தில் ஒரு களை, நடையில் ஒரு துள்ளல். இரத்த அழுத்தம்கூட இறங்கிவிட்டதாம். உடம்புக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எல்லாம் இரண்டு மாதமாக நீங்கள் அனுப்புகிற மதியச் சாப்பாடுதான், உங்கள் கைப்பக்குவத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது என்றார்.

அப்படியே ஊசியும் கையுமாக நின்றுவிட்டேன். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்ததையெல்லாம் உன் அண்ணன் அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கு இடுப்பைப் பிரித்துக்கொண்டு, கடையில் இன்னொருவருக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது உண்மை. என் சமையலை ஒருவர் இப்படி வாயாரப் புகழ்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை என்பதும் உண்மை. சீருடையை நன்றாகவே பிடித்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி உன் அண்ணன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். துளிகூடக் கூச்சமில்லை. சாப்பாட்டை வீணாக்கக் கூடாதே என்றுதான் கொடுத்தாராம். அப்படியென்றால் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். நாளெல்லாம் கரண்டியும் கையுமாக ருசி பார்க்கிறீர்களே, அது என்ன என்றேன். நான் ஏதோ தெரியாமல் பேசுகிறேன் என்பது போலப் பார்த்தார்.

"அது சாப்பாடு இல்ல. வேலை."

சத்தியம் செய்யச் சொன்னால்கூடச் செய்திருப்பார். அவருடைய கணக்கில், தட்டு போட்டு உட்கார்ந்தால்தான் சாப்பாடு. நின்றபடி கரண்டியில் வாய்க்குள் போவதெல்லாம் தொழில். தையல்காரி ஒருநாளில் எத்தனை தடவை ஊசியில் நூல் கோத்தாள் என்று ராத்திரி நினைத்துப் பார்ப்பாளா? அந்த மாதிரிதான். பொய் சொல்லவில்லை, மனுஷர் நிஜமாகவே நம்புகிறார். எனக்குக் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. ஆனால் விட்டுவிடவில்லை.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு, வீட்டிலிருந்த ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு ஹோட்டல் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். அடுப்படி ஒரே ஆவி. சுவரோரம் வரிசையாக அடுப்புகள், நடுவில் ஒரு குவளைத் தண்ணீரில் கொத்தாகக் கரண்டிகள். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு மூலையில் நின்றுகொண்டேன். உன் அண்ணன் எதையெல்லாம் ஒரு கரண்டி ருசி பார்த்தாரோ, அதிலிருந்தெல்லாம் நானும் ஒரு கரண்டி எடுத்து என் சட்டியில் விட்டேன். சூப் வைத்தால் ஒரு கரண்டி. உப்புப் போட்ட பிறகு மறுபடி ஒன்று. அது கொதித்த பிறகு இன்னொன்று. கோழிக் குழம்பில் துண்டோடு. பொரித்த உருளைக்கிழங்கு முறுகியதா என்று. மீன் வெந்ததா என்று. பாலும் முட்டையும் போட்ட இனிப்பு கெட்டியானதா என்று பார்க்க மட்டும் அவர் எடுத்த கரண்டி கொஞ்சம் பெரியது. முதலில் என்னை முறைத்தார். பிறகு வேலை மும்முரத்தில் நான் நிற்பதையே மறந்துவிட்டார்.

மதியக் கூட்டம் ஓய்வதற்குள் என் சட்டி நிரம்பி வழிந்தது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேசைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னேன். எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"இவ்வளவையும் எவன் தின்பான்?"

"நீங்கதான் தின்னீங்க" என்றேன்.

பாத்திரம் கழுவும் அம்மா குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உன் அண்ணன் அந்தச் சட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கரண்டியால் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு, இரண்டு ஆள் சாப்பாடு இருக்குமே என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷமே வரவில்லை. என் பயம் அவருக்கும் ஒட்டிக்கொண்டதைத்தான் பார்த்தேன்.

இனிமேல் ருசி பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

அன்புடன், கை உப்பான
உன் அண்ணி

*

அன்புள்ள நாத்தனாருக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாய். மன்னித்தேன். ஆனால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு உதவும்.

உன் அண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அதுதான் பெரிய வினையாகப் போனது. முதல் நாள் வாசனையை வைத்தே சமைத்துவிடுகிறேன் என்று கிளம்பினார். அன்று குழம்பைச் சாப்பிட்ட ஒருவர், இது எந்த வியாதிக்கான மருந்து என்று கேட்டனுப்பினாராம். முதலாளி அடுப்படிக்குள் வந்து நின்றார். இத்தனை வருஷமாக அவர் உள்ளே வந்ததே இல்லை. ருசி பார்க்க ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நான் வேறு சமையல்காரரைத் தேட வேண்டியிருக்கும் என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் உன் அண்ணனுக்கு இன்னும் வலிக்கும்.

ஆள் தேடும் படலம் ஆரம்பித்தது. முதலாளிக்குப் புகைத்துப் புகைத்து நாக்கு மரத்துவிட்டது. அடுத்தது, துணைச் சமையல்காரர். எதைக் கொடுத்தாலும் "சூப்பர் அண்ணே" என்பதால் அவருக்குப் பெயரே சூப்பர்தான். சந்தேகப்பட்டு உன் அண்ணன் ஒரு கரண்டி வெறும் வெந்நீரைக் கொடுத்திருக்கிறார். அதற்கும் சூப்பர். பிறகு பாத்திரம் கழுவும் அம்மா. பாவம், என் உப்பில்லாச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு, எதைத் தொட்டாலும் கரிக்கிறது என்றது. அவர் பேச்சைக் கேட்டுச் சமைத்த அன்று, எல்லா மேசையிலும் உப்புக் குப்பி காலி.

அன்று ராத்திரி உன் அண்ணன் என் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேட்காமலேயே துணியை மடித்து வைத்தார். கீழே கிடந்த ஊசியைப் பொறுக்கிக் கொடுத்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, நாளைக்குக் கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

போனேன். ஆவி பறக்கும் சூப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, கீழே கையை ஏந்தியபடி என்னிடம் நீட்டினார். நான் நிதானமாக வாயில் வைத்தேன். பரீட்சை முடிவு தெரியப்போகிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

நாத்தனாரே, இந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

"இருக்கு" என்றேன்.

சூப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றார். தான் இத்தனை காலம் என்ன பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். போதும் என்று இரக்கப்பட்டு, மிளகு முந்திக்கொண்டு நிற்கிறது, உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்றேன். மறுபேச்சில்லாமல் போட்டார். மறுபடி நீட்டினார். இப்போது சரி என்றேன். அன்று சூப் ஒரு சொட்டு மிச்சமில்லையாம்.

அன்றிலிருந்து காலையிலும் சாயங்காலமும் போய்வருகிறேன். எனக்கு ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேரும், அதனால் அந்த வேளைக்கு வீட்டில் பாதிதான் சாப்பிடுகிறேன். என் பாவாடையை நானே பிரித்துவிடும் நிலைமை வரக் கூடாதில்லையா?

நேற்று டாக்டரம்மாவைப் பார்த்தோம். எல்லாம் இறங்கத் தொடங்கியிருக்கிறதாம். போதாது, இன்னும் இறங்க வேண்டும், ஆனாலும் இப்போதைக்கு வேலையை விட வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் உன் அண்ணன் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஏதேதோ எழுதிவிட்டேன். நேற்று ராத்திரி அவர் வேலை முடிந்து வரும்போதே பசியோடு வந்தார். நாளெல்லாம் ருசி என்று வாயில் ஒன்றும் போகாததால் உண்மையான பசி. வழக்கம் போலச் சின்னப் பாத்திரத்தில்தான் சமைத்திருந்தேன். கீரையும் காயும் போட்ட சூப், கொஞ்சம் சோறு, ஒரு துண்டு மீன். நான் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தட்டை வழித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால் பாத்திரம் காலி. ஒன்றரை ஆளுக்குத்தானே சமைத்தேன்? என் தட்டிலிருந்ததை அவர் தட்டில் போட்டுவிட்டு, எனக்குப் பசியில்லை என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அடுப்படியில் போய் நின்று கொஞ்சம் அழுதேன். உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். வரும் விடுமுறைக்கு நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். இனிப்பு வேண்டாம், காலுறையும் வேண்டாம். அந்த அடிகனத்த பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வா. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாளே என்று நினைத்தாலும் பரவாயில்லை, கனமாக இருக்கிறதே என்று மட்டும் விட்டுவிட்டு வந்துவிடாதே. எனக்கு அது வேண்டும், அம்மா. இன்னும் ரொம்ப வருஷத்துக்கு வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அன்புடன்
உன் அண்ணி