பின்னேரம் மிதக்கும் சந்தை

அக்கா,

நேற்று உங்கள் மகள் வந்திருந்தாள். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் அலுமாரியை ஒதுக்கும்போது கிடைத்ததென்று பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "அம்மா இத எறியப்படாது எண்டு சொன்னவ, சித்தி. உங்களுக்கு வேணுமா?" என்றாள். விரித்தேன். பாங்கொக் நகரத்தின் சுற்றுலா வரைபடம். மடிப்புக் கிழிந்த இடங்களிலெல்லாம் நீங்கள் செலோரேப் ஒட்டியிருந்தீர்கள். மூலையில், அங்கே நாங்கள் ஒளிந்திருந்த அறையில் சிந்திய தேநீர்க் கறை அப்படியே இருந்தது.

அந்த வரைபடத்தை எங்களுக்குத் தந்தவன், கனடாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னையும் மட்டக்களப்பிலிருந்து வந்த உங்களையும் ஓர் அறைக்குள் விட்டு, யாரோ இரண்டு பெண்களின் பெயரில் பாஸ்போட்டுகளைக் காட்டி, இனி நீங்கள் அக்காவும் தங்கையும், இங்கே விடுமுறைக்கு வந்தவர்கள் என்றான். உண்மையில் நான் உங்களைவிட எட்டு மாதம் மூத்தவள். பாஸ்போட்டில் நீங்கள் மூன்று வயது மூப்பு. அன்றைக்குக் கிடைத்த அக்கா பதவியைக் கடைசிவரை நீங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

நான்கு மாதம் அந்த அறைக்குள் இருந்தோம். பொலிஸ் பிடித்துவிடும் என்று படியிறங்க விடமாட்டான். ஜன்னல் சீலையை விலக்கினால் எதிர்ச் சுவரும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்தான் தெரியும். ஆனால் அந்த நகரத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் எங்களுக்குத் தலைகீழாகப் பாடம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் வந்து நின்று, விமான நிலையத்தில் கேட்பதுபோல, நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்பான். காலமை அரண்மனை. மத்தியானம் படுத்திருக்கும் புத்தர். பிறகு ஆற்றில் படகு. பின்னேரம் மிதக்கும் சந்தை. சாப்பிட்ட ஏதாவதொன்றைச் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று அவன் சொல்ல, சந்தையில் றம்புட்டான் வாங்கிச் சாப்பிட்டோம் என்று சேர்த்தது நீங்கள். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு நாளும் எச்சில் விழுங்குவீர்கள்.

இத்தனையும் பாடமாக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால், குடிவரவு அலுவலர் கேட்டது ஒரேயொரு கேள்வி. சகோதரிகளா என்றார். இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.

மொன்றியலுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி எங்களுக்கு விளையாட்டாகிப் போனது. நீங்கள் கார்ட்டியர்விலில், நான் லவாலில். முழங்கால் மட்டும் பனி கொட்டிக் கிடக்கிற காலையில் ரெலிபோன் அடித்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "நேத்து எங்க போனீங்க?" என்பீர்கள். நான் அரண்மனையில் தொடங்குவேன். றம்புட்டானில் முடிப்போம். கனடா பாஸ்போட் கிடைத்ததும் இரண்டு பேருமாகப் போய், சொன்ன அதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்பது ஒப்பந்தம். பாஸ்போட் கிடைத்தது. பிள்ளைகளை விடுகிற கார்டெறிக் காப்பகம், தையல் பக்டறி, வீட்டுக் கடன் என்று வருடங்கள் போயின. நீங்கள் மறுகா போவம் என்றீர்கள். நான் பேந்து பாப்பம் என்றேன். எங்கள் இரண்டு ஊர்ப் பேச்சிலும் அதற்குப் 'பிறகு' என்ற ஒரே அர்த்தம்தான். பிறகு உங்கள் சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக் கதிரை என்று ஆனது.

லவாலுக்கு மெட்ரோ வந்த வருடம், நானும் இவரும் ஊருக்குப் போகிற வழியில் பாங்கொக்கில் மூன்று நாள் நிற்கலாம் என்று வந்தது. உங்களிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. நீங்களோ கையில் ஊசி குத்தியிருக்க, சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"நீ போய்ப் பாத்துட்டுச் சொல்லு புள்ள. அக்கா சொன்னாக் கேக்கணும்."

போகிற கிழமை வீட்டுக்கு வந்து வரைபடத்தை வாங்கிக்கொண்டு போகச் சொன்னீர்கள். எனக்குப் பாடம்தானே, அது எதற்கு என்றேன். வேலை முடிந்த அலுப்பில் அந்தப் பக்கம் வரப் பஞ்சியாக இருந்தது என்பதுதான் உண்மை.

முதல் நாள் படகுத் துறைக்குப் போனோம். அங்கே ஒரு பொலிஸ்காரர் நின்று சனங்களை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கனடா பாஸ்போட் சட்டைக்குள் நெஞ்சோடு இருந்தும், அவர் கிட்ட வந்து பெயரைக் கேட்டால் அந்தப் பழைய பெயர்தான் என் வாயில் வரும் போலிருந்தது. திரும்பி ஹோட்டலுக்கு வந்து சீலையை இழுத்து மூடினேன். அதோடு சரி. மிச்ச நாளெல்லாம் இவர் தனியாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பைத்தியமா என்றுகூட ஒரு தரம் கேட்டார். அவர்மேல் பிழையில்லை.

இரண்டாம் நாள், சொன்னபடி உங்களுக்கு ரெலிபோன் எடுத்தேன். எடுத்ததும் நீங்கள் கேட்டது அந்தக் கேள்விதான். என் வாய் தானாகவே ஒப்புவித்தது. காலமை அரண்மனை, மத்தியானம் புத்தர், பிறகு படகு, பின்னேரம் மிதக்கும் சந்தை.

"றம்புட்டான் இனிச்சிச்சா புள்ள?" என்றீர்கள்.

"ஓம் அக்கா. நல்ல இனிப்பு."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டீர்கள்.

திரும்பி வந்தும் ஆஸ்பத்திரிக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து எத்தனை பொய் சொல்லியிருப்பேன். இவர் எடுத்த படங்களைக் காட்டி, நானே நின்று பார்த்த மாதிரி. எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள். சந்தையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்றுத்தான் உறைத்தது. வரைபடத்தில், அந்த அறையில் குறித்த பழைய எழுத்துக்குப் பக்கத்தில், நீல மையில், நடுங்கிய உங்கள் கையெழுத்து. மிதக்கும் சந்தை என்பதை வட்டம் போட்டு, 'காலமை மட்டும். மத்தியானத்தோட முடிஞ்சிடும். வெள்ளனப் போகணும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது எழுதியது என்று மகளிடம் கேட்டேன். நான் போவதற்கு முன்னுக்கு, நூலகத்திலிருந்து பிரெஞ்சுப் புத்தகம் எடுப்பித்து, அவளைக் கொண்டு வாசிப்பித்து எழுதினீர்களாம். சித்தி அலைஞ்சு ஏமாறக் கூடாது என்றீர்களாம்.

அப்படியென்றால் ரெலிபோனில் நான் பின்னேரம் என்று சொன்ன அந்த நிமிடமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் றம்புட்டான் இனித்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அறையில் என்னோடு நான்கு மாதம் இருந்தவருக்கு, நான் அங்கே ஏன் வெளியில் போகவில்லை என்று ஒருவர் சொல்லவா வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. வெட்கத்தைவிட, உங்களிடம் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்லி அழவில்லையே என்பதுதான் தாங்க முடியவில்லை.

வரைபடத்தை என் கைப்பைக்குள், பாஸ்போட்டோடு வைத்திருக்கிறேன். காலையில் ரெலிபோன் அடித்தால் இன்னும் ஓடிப்போய்த்தான் எடுக்கிறேன். நீங்கள் கேட்பது போலவே இருக்கிறது. இந்த முறை பாடமாக்கினதைச் சொல்லமாட்டேன்.

நான் ஒரு இடமும் போகேல்லை அக்கா. அறைக்குள்ளதான் இருந்தனான். நீங்கள் பக்கத்தில இல்லாமல் எனக்கு அந்தப் படி இறங்கப் பயமாக் கிடந்தது.