கேத்தலோடு முற்றத்துக்கு வந்தவளுக்கு

அடுத்த வீட்டில் கொறக்காப்புளி போட்டு மீனாணம் காய்ச்சுகிறார்கள். மதிலைத் தாண்டி அந்த வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்குக் காரின் ரேடியேட்டர் ஞாபகம் வருகிறது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், உனக்கு மட்டும்தான் விளங்கும். நீ மௌத்தாகிப் பதினான்கு மாதம். நீ இருக்கும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று என்னிடம் கிடக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கரைத்தீவில் இந்த வீட்டுக்குக் கூரைத் தகரம் போட்ட வருசம். நம்முடைய வெள்ளைக் கார் ஹயர் ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற காலம். அப்போதுதான் அது கொதிக்கத் தொடங்கியது. புத்தளம் போய்ச் சேருவதற்குள் இரண்டு தரம் நின்று ஆவி கக்கும். கராஜில் காட்டினேன், எஞ்சின் முடிந்தது, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றார்கள். தள்ளிவிட்டால் நான் திரும்ப உப்பளத்தில் கூலிக்கு இறங்க வேண்டும். அந்த வெயிலில் என் கால் பட்ட பாடு உனக்குத் தெரியும். விற்க வேண்டாம், வீட்டில் வைத்தே பார்ப்போம் என்றாய்.

பார்ப்போம் என்றால் உண்மையாகவே இரண்டு பேரும்தான் பார்த்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் நீ டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவாய். நான் பொனட்டுக்குள்ளிருந்து ‘அமத்து’ என்றால் அக்சிலேட்டரை அமத்துவாய், ‘போதும்’ என்றால் விடுவாய். வாழ்நாளில் ஒரு அடி கார் ஓட்டாதவள், சூட்டு முள் ஏறுவதை எனக்கு முன்னமே கண்டு சொன்னாய். பெல்ட்டை மாற்றினேன், ஹோஸை மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பேய்க்கோபம் வந்து ஸ்பெனரை முருங்கையடியில் விட்டெறிந்தேன். நீ இறங்கிப் போய் எடுத்து, துடைத்து, என் கையில் தந்தாய்.

பிறகு, நான் கழற்றிப் போட்டிருந்த குழாயைத் தூக்கிப் பார்த்தாய். உள்ளே விரல் விட்டுச் சுரண்டினாய். சுரண்டியதை நாக்கு நுனியில் வைத்தாய். எழும்பி விறுவிறென்று குசினிக்குள் போனவள், பிள்ளைகளுக்குச் சுடுதண்ணி வைக்கும் பழைய கேத்தலோடு திரும்பி வந்தாய்.

“இஞ்ச பாருங்க மச்சான். இதுக்குள்ள படிஞ்சிருக்கிறதும் அதுக்குள்ள படிஞ்சிருக்கிறதும் ஒண்டுதான். ரெண்டுக்கும் நம்மட கிணத்துத் தண்ணிதானே ஊத்துறம்?”

நான் சிரித்தேன். கார் என்ன தேத்தண்ணியா குடிக்கிறது என்று நக்கல் வேறு.

“கேத்தல நான் மாசத்துக்கு ஒருக்காக் கழுவுறன். இத நீங்க எப்பக் கழுவினீங்க?”

நல்ல தண்ணி பொதுக்குழாயில் வரிசை நின்று கேனில் வருவது. அதைக் காருக்கு ஊற்ற எவனுக்கு மனம் வரும்? நம் தெருவில் வாகனம் வைத்திருந்த எல்லாரும் உவர்க் கிணற்றுத் தண்ணியைத்தான் ஊற்றினோம். அது பிழை என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மன்னாரில் இருந்த மட்டும் நமக்குப் பழப்புளிதான். கொறக்காவை நீ இங்கே வந்துதான் பழகினாய், ஆனால் அதன் குணத்தை நன்றாகப் படித்திருந்தாய்; கேத்தலில் படிந்ததைக் கரைத்து நீ கழுவுவதும் அந்தப் புளியால்தான். பெரிய மண்சட்டியில் அதைக் காய்ச்சி, வடித்து, ரேடியேட்டரைக் கழற்றச் சொல்லி ஊற்றினாய். வாய்களைத் துணியால் அடைத்து நிழலில் கிடத்தி, மணிக்கொரு தரம் பிள்ளையைப் புரட்டுவது போல் புரட்டினாய். மறுநாள் அலசினால் கபில நிறச் சேறும் வெள்ளைப் பொருக்குமாக ஒரு பேசின் நிறைய வந்தது. நீ வென்றவள் மாதிரி நிற்கவில்லை. இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பாவம் எப்படித்தான் ஓடியதோ என்று காருக்காகக் கவலைப்பட்டாய். கேனில் இருந்த குடிதண்ணியில் பாதியை அதற்கு ஊற்றினாய். மாரி வந்ததும் கூரைத் தண்ணியைப் பீப்பாயில் பிடித்து, இது காருடையது, யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாய்.

முந்தல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். முள் நடுவில் நின்றது, அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அங்கே தேத்தண்ணிக் கடைக்காரர் நம் கார் கொதித்த கதை தெரிந்தவர். யார் சரிபண்ணியது என்று கேட்டார். நான்தான், தண்ணியில் உள்ள உப்புத்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன் என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, கையில் பிளேன்டீயோடு நீ முன் சீட்டில் இருந்தாய். எல்லாம் உனக்குக் கேட்டது. நான் வந்து ஏறியதும், “போவமா பாஸ்?” என்றாய். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் உனக்குப் பாஸ். பெரிய மெக்கானிக்கைக் கூப்பிடுகிற மாதிரி ஆள் முன்னால் கூப்பிடுவாய், கேட்டவர்கள் மரியாதை என்று நினைத்தார்கள். எனக்கு ஒவ்வொரு தரமும் சுருக்கென்று தைக்கும். கற்பிட்டியிலிருந்தெல்லாம் கொதிக்கிற வாகனங்கள் நம் முற்றத்துக்கு வந்தன. பெயர் எனக்கு. குசினியில் கொறக்கா காய்ச்சியது நீ, வந்தவர்கள் தங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாய் என்று நினைத்தார்கள். சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருபது வருசம் போனது. வேறொன்றும் இல்லை, வெட்கம். கேத்தலைக் காட்டிப் பொஞ்சாதி படித்துக் கொடுத்தாள் என்று ஆம்பிளைகளுக்கு மத்தியில் சொல்ல என் வாய்க்குத் தைரியம் இல்லை. உன்னிடம் இருந்த பெருந்தன்மையில் கால்வாசி என்னிடம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தேன். நுரைச்சோலையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்து காத்திருந்தார், கார் கொதிக்கிறதாம். குழாயைக் கழற்றிக் காட்டினேன். அண்ணன் முறை வைத்து, நானா, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். கண்டுபிடித்தது நான் இல்லை, என் பொஞ்சாதி என்று கேத்தல் கதை முழுவதையும் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, “மௌத்தானவங்க பேருக்கு நல்லத எத்தி வைக்கிறது நல்லதுதான் நானா” என்றார்.

நம்பவில்லை. கவலையில் சொல்கிறேனாம். முந்தலில் அன்றைக்கே ஒரு சொல் சொல்லியிருந்தால் உலகமே நம்பியிருக்கும். இப்போது உண்மையைச் சொன்னாலும் உனக்காகத் துஆ ஓதுகிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்கு இது வேண்டியதுதான். ஆனாலும் இனி எந்தக் கார் வந்தாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் அப்படிச் சொன்னபோது அந்தப் பிள்ளை, அவருடைய மனைவி, காரிலிருந்து இறங்கி வந்தது. குழாய்க்குள் விரல் விட்டுச் சுரண்டிப் பார்த்தது.

“ராத்தா கொறக்கா எவ்வளவு போடுவாங்க?”

சொந்த அக்காவைக் கேட்கிற மாதிரி உன்னைக் கேட்டது. நீ போடுகிற அளவைச் சொன்னேன். புருசனை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். கேட்டு முடித்துவிட்டு, ராத்தாவின் பெயர் என்ன என்று கேட்டது.

சொன்னேன். இத்தனை வருசத்தில் அந்த முற்றத்தில், வெளியாள் முன்னால், உன் பெயரை நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.