நாவற்பழக் கறுப்பு

முசலி
12.06.2010

றாபியாவுக்கு ஸலாம்.

போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன். கடிதத்தில் இரண்டும் நடக்காது. அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டு வளவில் பாதிக் காடு வெட்டியாயிற்று. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினேன். கிணற்றடி நாவல் இல்லை, அடிக்கட்டைதான் நிற்கிறது. ஊரிலேயே ஒரு நாவல் மரம் மிச்சமில்லை. கொட்டிலுக்குத் தகரம் போட்டுவிட்டேன். இருபது வருடம் புத்தளத்தில் அகதி என்று பெயர் கேட்டவனுக்கு இது மாளிகை. நீ என்னோடு ஊருக்குத் திரும்பி வராதது உன் விருப்பம். நான் குறை சொல்லவில்லை.

முழங்கால் நோவுக்குக் குளிசை போடுகிறேன், நல்ல சுகம். நெஞ்சுக்குழிக்குக் கீழே மட்டும் ஓயாத எரிவு. வாயுதான். இஞ்சி அவித்துக் குடிக்கிறேன்.

குறை சொல்லாத,
தாவூது


புத்தளம்
21.06.2010

மச்சான்,

அல்லாஹ் உங்களுக்குச் சுகம் தரட்டும். குறை சொல்லவில்லை என்று எழுதியே குறை சொல்லி முடித்துவிட்டீர்கள்.

நம் மகள் ஷிஹானாவோடு போய் உங்கள் கடிதத்தை டொக்டருக்கு வாசித்துக் காட்டினேன். “அறுபது தாண்டினவருக்குப் புதுசா வாற மேல் வயித்து நோவை வாயு எண்டு விடாதேங்கோ. என்ன குளிசை போடுறார்? மெலிஞ்சு போனாரா? மலம் கறுப்பாப் போகுதா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளதை எழுதுங்கோ. இங்கே வாங்கோ, காட்டுவோம்.

றாபியா


முசலி
02.07.2010

றாபியாவுக்கு,

என் கடிதத்தை டொக்டருக்கு வாசித்தாயா? எழுத்துப் பிழை இருந்ததா என்றும் கேட்டிருக்கலாமே. பள்ளிக்கூட வாசல் மிதிக்காமல், சாமான் சுற்றி வந்த பேப்பரை வாசித்துப் படித்தவன் நான்.

கேட்டதற்கு மறுமொழி: குளிசை காலையும் இரவும். காடு வெட்டுகிற நாளில் இரண்டிரண்டு. வெறும் வயிற்றில்தான், சாப்பாட்டில் மனமில்லை. சாறம் இடுப்பில் நிற்பதில்லை, வேலை செய்கிறவனுக்கு அப்படித்தான். கறுப்பாகத்தான் போகிறது. அது நாவற்பழம் சாப்பிட்டதால்.

புத்தளம் வரமாட்டேன். மீள்குடியேற்றப் பதிவு பார்க்க ஆட்கள் வருவார்களாம். ஆளில்லாத கொட்டிலைக் காலி என்று எழுதுவார்களாம். தொண்ணூறில் இயக்கக்காரர் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள், போனேன். இனி யார் சொன்னாலும் போகமாட்டேன். டொக்டர் சொன்னாலும்.

தாவூது


புத்தளம்
09.07.2010

மச்சான்,

ஊரில் ஒரு நாவல் மரம் மிச்சமில்லை என்று எழுதியதும் உங்கள் கைதான். பிறகு எந்த மரத்துப் பழம்?

வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்கிறார் டொக்டர். அந்தக் குளிசையை இந்த நிமிடமே நிறுத்துங்கோ. போனில் சொன்னால் கத்திவிட்டு வைத்துவிடுவீர்கள்; அதனால் இந்தக் கடிதத்தை முசலிக்கு வரும் மஹ்மூது காக்காவின் லொறியில் கொடுத்து விடுகிறேன். அதே லொறியில் ஏறி மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

கொட்டில் காலியாகாது. நாளைக்கு முதல் பஸ்ஸில் நான் வாறன். பதிவு பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆள்தானே வேண்டும்? நானும் ஆள்தான். தொண்ணூறில் நீங்கள் மட்டும் தனியாக நடக்கவில்லை.

பாம்புக்குப் பயந்து வராதவள் என்று ஊரெல்லாம் சொன்னீர்களாம். பயம்தான். அந்தப் பயத்தோடுதான் வாறன்.

றாபியா


அனுராதபுரம் ஆஸ்பத்திரி
17.07.2010

றாபியாவுக்கு,

மன்னாரில் இரத்தம் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். முழங்காலுக்குப் போட்ட குளிசையின் வேலை. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மறுமொழி வரவேண்டும், ஆனால் பார்வைக்குப் பயப்பட ஒன்றுமில்லையாம்.

அந்தக் குளிசை இனிக் கூடாது. புண் ஆற வேறு மருந்து. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும். தாதி என்னைச் ‘சீயா’ என்று கூப்பிடுகிறாள். கிழவன் என்றுதான் அர்த்தம் என நினைத்து முறைத்தேன். சிங்களத்தில் தாத்தாவாம். சரி, இருக்கட்டும்.

நாவற்பழம் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். அதை விடு.

மகள் வீட்டில் தங்கி உடம்பைத் தேற்றச் சொல்கிறார்கள். பதிவு பார்க்க வந்தார்களா?

தாவூது


முசலி
22.07.2010

மச்சான்,

வந்தார்கள். “ஆர் இருக்கிறது?” என்று வெளியில் நின்று கேட்டார்கள். “வீட்டுக்காரி இருக்கிறன். மனிசன் ஆஸ்பத்திரியில, வந்திடுவார்” என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

பாம்பு ஒன்று கண்டேன். அதுவும் என்னைக் கண்டது. இரண்டு பேரும் அவரவர் வழியில் போய்விட்டோம்.

மிச்சக் குளிசைகளை அடுப்பில் போட்டுவிட்டேன். கஞ்சிக்கு அரிசி புடைத்து வைத்திருக்கிறேன். மகள் வீட்டுக்குப் போகவேண்டாம், இங்கேயே வாங்கோ. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கோ, என் முகவரியும் முசலிதான்.

முழங்கால் நோகத்தான் செய்யும். மிச்சக் காட்டை மெதுவாக வெட்டலாம். இனி ரெண்டு பேர்.

றாபியா