தமிழ்செல்வன் விஷயமாக

சாமளாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள தம்பி ரித்தீஷுக்கு, அக்கா அனுப்பிரியா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் உடம்பு இன்னும் தேறியிருக்கும் என்று நம்புகிறோம். அந்த மறுவாழ்வு மையத்தில் போன் தரமாட்டார்கள் என்பதால், பள்ளிக்கூடத்து லீவு லெட்டருக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உன்னுடையதைவிட மேல்தான்.

கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. பனியன் செக்கிங் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. அதனால்தான் இந்த வாரம் வர முடியவில்லை. போன முறை பார்த்தபோது உன் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆனால் உன் கூட்டாளி தமிழ்செல்வன் பேரை எடுத்ததும் நீ விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாய். இனி அவன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்றாய். இன்றைக்கு அவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படிக்காமல் கசக்கிப் போட்டாயானால் அடுத்த முறை அடி வாங்குவாய்.

மாரியாத்தா கோயில் நோம்பியன்று நடந்தது உனக்கு நினைவிருக்காது. நீயும் அவனும் தறிக் குடோனில் உட்கார்ந்து வலி மாத்திரையைப் போட்டு, மேலே பிராந்தியையும் குடித்தீர்கள். பேச்சு மூச்சில்லாமல் கிடந்த உன்னை ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கியபோது பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. செத்தால் சாகட்டும் என்று அவன் ஓடிவிட்டான் என்றுதான் எல்லோரும் நம்பினோம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அம்மா அவன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். நீ ஒருக்களித்துக் கிடந்ததால்தான் பிழைத்தாய், மல்லாந்து கிடந்திருந்தால் வாந்தி மூச்சுக்குழலை அடைத்திருக்கும் என்றார் டாக்டர். அதை அம்மா மாரியாத்தா கணக்கில் எழுதிவிட்டாள்.

போன வாரம் கோயில் மண்டபத்தில் இளவட்டங்களுக்கென்று போலீஸ்காரர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்ததால் நானும் அம்மாவும் போனோம். எஸ்.ஐ. சித்ராதேவி மிரட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசினார். டாக்டர் எழுதித் தராத மாத்திரையைத் தொடாதே, யாரோ நீட்டுகிற டம்ளரை வாங்காதே, குடித்தவன் ஓட்டுகிற வண்டியில் ஏறாதே என்றார். கூட இருப்பவன் மயங்கி விழுந்தால் வாயில் மோரை ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குப் போன் பண்ணுங்கள், தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றார். மோர் என்றதும் பாதிப் பேர் திருதிருவென்று முழித்தார்கள். நம் ஊரில் எந்தப் போதைக்கும் மோர்தானே வைத்தியம்.

அப்போது கடைசி வரிசையில் தமிழ்செல்வன் எழுந்தான். தாடியும் கசங்கின சட்டையுமாக ஆளே அடையாளம் தெரியவில்லை. ஏனுங்க மேடம், போன் பண்ணுனவனையும் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்களாங்க என்று கேட்டான். காப்பாற்றக் கூப்பிட்டவனை நாங்கள் எதற்குப் பிடிக்கப்போகிறோம், முதலில் உயிர் என்றார் அவர். இவன் எங்கள் பக்கம் திரும்பி, இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நான் ஓடியிருக்க மாட்டனுங்க என்றான்.

போன் பண்ணினது அவன்தான், தம்பி. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னான். நீ வாந்தி எடுத்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்வரை உன் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். பின்னாலேயே போலீஸ் வரும் என்று பயந்து ஓடியிருக்கிறான். நீ அன்றைக்கு ஒருக்களித்துக் கிடந்ததை டாக்டர் எங்களிடம் மட்டும்தான் சொன்னார், கூட இருந்தவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அதோடு உட்காரவில்லை. மாத்திரையை விட முடியவில்லை, தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடக்கூடக் கை ஒத்துழைக்கவில்லை, எங்கேயாவது சேர்த்துவிடுங்கள் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டான். எஸ்.ஐ., நீ இருக்கிற மையத்திலேயே பேசி அவனுக்கு இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மறுநாள் காலையில் அதே வாசலில் போய் நின்று, சாப்பிட வாப்பா என்று கூப்பிட்டாள். அவனுடைய அம்மா கருப்பாத்தாள்தான் அவனை எழுப்பி அனுப்பினாள். ஏசாமல் விட்டதற்கே கும்பிட வேண்டும். நம் வீட்டில் உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டான். தலையை நிமிர்த்தாமலே, ரித்தீஷ் என்னைச் சேர்த்துக்குவானாங்கக்கா என்று கேட்டான். அவனிடமே கேட்கலாம் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

பழையபடி இரண்டு பேரும் சேர்ந்து சுற்றுங்கள் என்று சொல்லவில்லை. உங்களைச் சேர்த்து நினைத்தால் எனக்கு இன்னமும் அந்தக் குடோன்தான் கண்முன் வருகிறது. ஆனால் முதல் வாரம் உடம்பு என்ன பாடு படுத்தும் என்று எனக்கோ எஸ்.ஐ.க்கோ தெரியாது, உனக்குத்தான் தெரியும். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் அழுதேன் என்று நீதானே சொன்னாய்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வார்டன் இதை உன்னிடம் தரும்போது அவன் வாசல் கேட்டுக்கு வெளியே பையோடு நின்றுகொண்டிருப்பான். நீ வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறான். திரும்பினால் எங்கே போவான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாரியாத்தா உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருக்கட்டும். எழுந்து போய் அவனைக் கூப்பிடு, கண்ணு.

உன் அக்கா,
அனுப்பிரியா